நிலச்சரிவு: மலை ஏன் இறங்குகிறது, அடியில் இருப்பவர்கள் யார்?

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த ராஜமலையில் பெட்டிமுடி தோட்டத்து லயங்கள்மீது, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள்மீது, மலை இறங்கியது. 70 பேர் இறந்தார்கள். அதில் நான்கு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. கிட்டத்தட்ட எல்லோருமே தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும்தான். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. தொடர் மழையில் மின்சாரம் போயிருந்தது, செல்போன் சிக்னலும் இல்லை. இப்படி ஒன்று நடந்துவிட்டது என்பதே வெளியே மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

ஒவ்வொரு சரிவுக்குப் பிறகும் ‘இயற்கைச் சீற்றம்’ என்று தலைப்புப் போடுகிறார்கள். பாதி சரி. மண் ஏன் சரிந்தது என்று கேட்டால் மழையும் பாறையும் பதில் சொல்லும். சரிந்த மண்ணின் பாதையில் ஏன் இந்தக் குடும்பங்கள் தூங்கிக்கொண்டிருந்தன என்பதற்கு அவற்றிடம் பதில் இல்லை. அதற்குத் தோட்டம் போட்ட காலம்வரை பின்னால் போக வேண்டும். முதலில் மண்ணைப் பார்த்துவிடுவோம்.

பிடி தளரும் கணக்கு

சரிவான நிலத்தில் இருக்கும் மண்ணைப் புவியீர்ப்பு எப்போதும் கீழே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. துகளோடு துகள் உரசும் உராய்வு, களிமண்ணின் ஒட்டும் தன்மை, ஊடே ஓடும் வேர்கள் ஆகியவைதான் அதைத் தாங்கி நிறுத்துகின்றன. காய்ந்த காலத்தில் இந்தப் பிடி இழுவிசையைவிடக் கூடுதலாகவே இருக்கும். மழை இறங்கியதும் நனைந்த மண்ணின் எடை கூடுகிறது. பலரும் இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் அதைவிட ஆபத்தானது இன்னொன்று. துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளிகள் முழுக்க நீர் நிரம்பிவிட்டால் அந்த நீருக்கு அழுத்தம் வந்துவிடும். அது துகள்களை ஒன்றைவிட்டு ஒன்று விலக்கித் தள்ளும். உராய்வு குறைகிறது. அதாவது, எடை ஏறும் அதே நேரத்தில் பிடியும் தளர்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அமைப்பு இதற்கு வாகாகவே இருக்கிறது. அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழமையான கெட்டிப் பாறை. அதன்மேல், பாறை சிதைந்து உருவான மண், சில இடங்களில் ஒரு மீட்டர், சில இடங்களில் பல மீட்டர். மழைநீர் இந்த மண்ணுக்குள் சுலபமாக இறங்கிவிடும். பாறையைத் தொட்டதும் மேற்கொண்டு போக வழியில்லாமல் அங்கேயே தேங்கி, பக்கவாட்டில் ஓடும். அந்த எல்லைக்கோட்டில்தான் மேல்மண் மொத்தமாக வழுக்குகிறது. கேரளத்தின் சில பகுதிகளில், மண்ணுக்கடியில் நீர் குழாய்போல் அரித்து ஓடுவதும் உண்டு. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

செங்குத்தான பாறை முகம்தான் ஆபத்து என்று நினைப்போம். அங்கே பாறை உருளலாம், ஆனால் சரிய மண் கிடையாது. நடுத்தரச் சரிவில், இரண்டு முகடுகளுக்கு நடுவே குழிவாக இருக்கும் பகுதிதான் கவனிக்க வேண்டிய இடம். ஓடை பிறப்பது அங்கேதான். காலங்காலமாக மண்ணும் நீரும் வந்து சேர்வதும் அங்கேதான். பெரும்பாலான சரிவுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

ஒரு நாள் மழை எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு முன்பே மண் எவ்வளவு குடித்திருந்தது என்பதும் சேர்ந்த கணக்கு இது. 2024 ஜூலைக் கடைசியில் வயநாட்டில் பெரும் சரிவு வருவதற்கு முந்தைய இரண்டு நாட்களில், முதல் 24 மணி நேரத்தில் 200 மி.மீ., அடுத்த 24 மணி நேரத்தில் 372 மி.மீ. மழை. அதற்கு முன்பும் பல வாரம் தென்மேற்குப் பருவமழை பெய்து மண் ஊறிப்போயிருந்தது. கேரளத்தின் பெரிய சரிவுகள் பெரும்பாலும் ஜூன் தொடக்கத்தில் வராமல் ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் வருவதற்கு இதுதான் காரணம். நீலகிரியின் நாள்காட்டி வேறு. அங்கே வடகிழக்குப் பருவமழைதான் கொல்கிறது: 1978, 1993, 2009 எல்லாம் நவம்பர். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. பதிவானது. அந்தச் சில நாட்களில் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

எல்லாச் சரிவும் மழையால் வருவதில்லை. 1970-இல் பெருவில் ஒரு நிலநடுக்கம் உவாஸ்கரான் சிகரத்தின் பனியையும் பாறையையும் உடைத்து இறக்கி, யுங்காய் என்ற ஊரையே மூடிவிட்டது. இமயமலையில் நிலநடுக்கம், பனியேரி உடைப்பு, மழை எல்லாமே சேர்ந்துகொள்ளும். நம் பக்கத்து மலைகளில் முக்கியக் காரணம் மழைதான்.

சரிந்தது கீழே வரும்போது என்ன ஆகிறது என்பது இன்னொரு கதை. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை, புஞ்சிரிமட்டம் பகுதிகளை அழித்தது வெள்ளரிமலையில் சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் உடைந்த மண். உடைந்த இடத்தின் பரப்பு சுமார் 86,000 சதுர மீட்டர் என்று இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டது. அந்த மண் ஓடையில் விழுந்து, நீரோடு கலந்து, வழியில் இருந்த பாறைகளையும் மரங்களையும் கரைகளையும் பெயர்த்துச் சேர்த்துக்கொண்டு சுமார் எட்டுக் கிலோமீட்டர் போனது. குறுகலான இடங்களில் மரமும் பாறையும் அடைத்து நீர் தேங்கி, பிறகு அது உடைந்ததால்தான் சேதம் இவ்வளவு பெரிதானது என்று களத்தை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். மேலே உடைந்ததைவிடக் கீழே வந்து சேர்ந்தது பல மடங்கு. இதை நினைவில் வைத்துக்கொண்டால், “எங்கள் வீட்டுக்குப் பின்னால் மலையே இல்லையே, ஆறுதானே ஓடுகிறது” என்ற தைரியம் எவ்வளவு தவறானது என்று புரியும்.

மனிதக் கை எங்கே?

சாலை போடும்போது மலையின் கால் பகுதியைச் செங்குத்தாக வெட்டுகிறோம். மேலே உள்ள மண்ணுக்கு முட்டுக்கொடுத்திருந்தது அதுதான். வெட்டிய இடத்தில் தடுப்புச்சுவர் கட்டினாலும், பின்னால் தேங்கும் நீர் வெளியேறத் துளைகள் வைக்காவிட்டால் சுவரோடு சேர்ந்து எல்லாம் வரும். வெட்டிய மண்ணை எங்கே கொட்டுகிறார்கள்? பெரும்பாலும் அடுத்த வளைவில், ஓடையின் தலையில். இமயமலைச் சாலைகளில் தொடங்கி மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலைவரை இந்தக் கதை ஒன்றுதான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பொக்லைன் ஓட்ட அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருப்பது சும்மா இல்லை. அந்த விதி எந்த அளவுக்கு மதிக்கப்படுகிறது என்பதை எந்தக் கொண்டை ஊசி வளைவில் நின்றும் பார்க்கலாம்.

மரம் வெட்டுவதன் விளைவு உடனே தெரியாது. வெட்டிய மரத்தின் வேர் மண்ணுக்குள் சில ஆண்டுகள் பிடித்துக்கொண்டிருக்கும். அது மக்கிப் போன பிறகுதான் சரிவு பலவீனமாகும். அதனால் வெட்டியவருக்கும் விளைவை அனுபவிப்பவருக்கும் நடுவில் பல மழைக்காலங்கள் இருக்கும். யாரும் யாரையும் கேட்க முடியாது.

ஆனால் “காட்டை அழித்ததால்தான் சரிந்தது” என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வயநாட்டுச் சரிவு தொடங்கியது காட்டுப் பகுதியில். மரம் நிறைந்த சரிவும் போதுமான மழை பெய்தால் இறங்கும். வேர் எட்டாத ஆழத்தில் வழுக்கினால் மரத்தால் என்ன செய்ய முடியும்? பருவநிலை மாற்றத்துக்கும் இதில் பங்கு உண்டு. வயநாட்டில் அன்று பெய்த மழை புவி வெப்பமாதலால் சுமார் 10 சதவீதம் கடுமையாகியிருந்தது என்று ‘உலக வானிலைக் காரணப்பகுப்பு’ ஆய்வுக் குழு கணித்தது. பத்து சதவீதம் சின்ன எண்தான். ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் சரிவுக்கு அந்தக் கடைசிப் பத்துதான் கணக்கு.

மத்திய அரசு அமைத்த, சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011-இல் மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதையுமே சூழலியல் நோக்கில் மூன்று வகை மண்டலங்களாகப் பிரித்துக் கட்டுப்பாடுகளைப் பரிந்துரைத்தது. அடுத்து வந்த கஸ்தூரிரங்கன் குழு 2013-இல் அதை ஏறத்தாழ 37 சதவீதப் பரப்புக்குக் குறைத்தது. இரண்டையும் மலை மாவட்டங்களில் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்த்தவர்கள் எல்லோரும் குவாரிக்காரர்கள் அல்ல; தங்கள் இரண்டு ஏக்கர் போய்விடும் என்று பயந்த சிறு விவசாயிகளும் இருந்தார்கள். அந்தப் பயத்துக்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. அறிக்கைகள் அங்கேயே நின்றுவிட்டன.

தட்டையான நிலம் எப்படி வந்தது?

மலைப் பள்ளத்தாக்கில் வீடு கட்டத் தோதான தட்டையான நிலம் அபூர்வம். ஓடையோரத்தில் அப்படி ஒரு சமவெளி இருந்தால், அது எப்படி உண்டானது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் பழைய சரிவுகள் கொண்டுவந்து கொட்டிய மண்தான் அது. முன்பு வந்தது மறுபடியும் அதே வழியில் வரும். முண்டக்கையில் 1984-லேயே நிலச்சரிவு உயிர்களைப் பலி வாங்கியிருக்கிறது. பக்கத்திலுள்ள புத்துமலையில் 2019-இல் 17 பேர் இறந்தார்கள். 2024-இல் உடைந்த அதே இடத்தில் பழைய சரிவின் தடம் இருந்ததைச் செயற்கைக்கோள் படங்களும் காட்டின.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலையில் தோட்டம் போட்டவர்கள் நல்ல சரிவுகளைச் செடிக்குக் கொடுத்தார்கள். காற்றும் காட்சியும் உள்ள மேட்டில் துரையின் பங்களா. கூலிகளின் லயத்துக்கு மிஞ்சியது செடி வைக்க உதவாத இடம், தண்ணீருக்குப் பக்கத்தில், அதாவது ஓடையோரப் பள்ளம். எல்லாத் தோட்டத்திலும் அச்சடித்தாற்போல இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் மூணாறு, வால்பாறை, வயநாடு, பதுளை, நுவரெலியா என்று எங்கே போனாலும் இந்த ஏற்பாடு கண்ணில் படும். வயநாட்டில் இதைப் ‘பாடி’ என்பார்கள், இலங்கை மலையகத்தில் ‘லயன்’. ஒரே நீளக் கூரை, ஒட்டி ஒட்டி அறைகள். ஒரு சரிவு வந்தால் ஒரு வீடு போகாது, வரிசையே போகும். பெட்டிமுடியில் ஒரே இரவில் தாத்தா முதல் பேரன்வரை குடும்பம் குடும்பமாக இல்லாமல் போனதற்கு இதுவும் காரணம்.

தோட்ட நிர்வாகங்களுக்கு மலையின் குணம் தெரியாது என்று சொல்ல முடியாது. கொல்லம் ஆண்டு 1099-இல் வந்ததால் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று இன்றும் பேசப்படும் 1924 ஜூலைப் பெருமழையில் மூணாறின் மலைகள் இறங்கின. தேயிலை ஏற்றிப்போன குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அடியோடு அழிந்தது. அதை மறுபடி கட்டவே இல்லை. பழைய ஆலுவா–மூணாறு சாலையும் போனது, போக்குவரத்துக்கு வேறு வழியில் புதுச் சாலை வந்தது. ரயிலும் சாலையும் இடம் மாறின. லயங்களை இடம் மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எச்சரிக்கை வந்தாலும்

இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை அருகே மீரியபெத்தை தோட்டம். 2014 அக்டோபர் 29 காலையில் அங்கே லயன்கள்மீது மண் சரிந்தது. பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பித்தார்கள். திரும்பி வந்தபோது பலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, மக்கள் வெளியேற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. சரிவு நடந்த பிறகு, “சொன்னோம், அவர்கள் போகவில்லை” என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

எங்கே போவது? லயன் அறை தோட்டத்துடையது. நிலம் தோட்டத்துடையது. தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பத்துக்குத் தன் பேரில் ஒரு துண்டு நிலம் இல்லை. தப்பியவர்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்க வைக்கப்பட்டார்கள். புது வீடு கிடைக்க இரண்டு ஆண்டுகள் ஆனது.

கேரளத்திலும் நிலைமை பெரிய வித்தியாசமில்லை. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் காலத்திலிருந்தே நிர்வாகம் வீடு தர வேண்டும் என்பது விதி. ஆனால் அது வேலையோடு ஒட்டிய வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும், காலி செய்தால்தான் பணிக்கொடை என்ற கெடுபிடியும் பல தோட்டங்களில் உண்டு. அதனால் வீட்டைக் காப்பாற்றவே பிள்ளைகளில் ஒருவர் கொழுந்து பறிக்கப் போகிறார். இப்படி இருப்பவரிடம் “இடம் மாறுங்கள்” என்று ஒலிபெருக்கியில் சொல்வது எச்சரிக்கைதான், ஆனால் வழி இல்லை. முகாமுக்குப் போனால் அன்றைய கூலி போகும். இரண்டு முறை போய் ஒன்றும் நடக்காமல் திரும்பினால் மூன்றாம் முறை யாரும் கிளம்ப மாட்டார்கள். இதைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ எழுதுகிறவர்கள் தினக்கூலியில் ஒரு மாதம் வாழ்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

மண்ணை அள்ளிய பிறகு

முண்டக்கையில் இறந்தவர்களின் உடல்களையும் உடற்பாகங்களையும் பல கிலோமீட்டர் கீழே, மலப்புரம் மாவட்டம் நிலம்பூர்ப் பக்கம், சாலியாற்றிலிருந்து எடுத்தார்கள். அடையாளம் தெரியாதவற்றை மரபணு மாதிரி எடுத்து, எண் போட்டு, புத்துமலையில் அடக்கம் செய்தார்கள். ஐந்து வருடம் முன்பு தானே சரிந்த அதே புத்துமலை.

உடல் கிடைக்காவிட்டால் துக்கத்தோடு காகிதச் சிக்கலும் சேர்கிறது. சட்டப்படி ஒருவர் காணாமல் போனால், இறந்ததாகக் கொள்ளப் பொதுவாக ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை இறப்புச் சான்றிதழ் இல்லை, காப்பீடு இல்லை, வாரிசுரிமை இல்லை. வயநாட்டில் காணாமல் போன 32 பேரை இறந்தவர்களாகக் கருதக் கேரள அரசு 2025 தொடக்கத்தில் தனியாக நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. நிலம் பாறைக்குள் புதைந்திருக்கும், எல்லைக்கல்லே இருக்காது, ஆனால் அதன்மேல் வாங்கிய கடன் அப்படியே இருக்கும். வயநாட்டில் உயிர் தப்பியவர்களுக்கு அரசு போட்ட அவசர உதவித்தொகையிலிருந்தே ஒரு வங்கி மாதத் தவணையைப் பிடித்துக்கொண்டதும், எதிர்ப்பு கிளம்பிய பிறகு திருப்பிக் கொடுத்ததும் நடந்தது.

பெட்டிமுடிக்கு மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் ஓடுபாதையில் சறுக்கி உடைந்தது. விமான விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. பெட்டிமுடிக்கு 5 லட்சம். இதற்கு நிர்வாக விளக்கங்கள் இருந்திருக்கலாம். மூணாறில் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

செய்ய முடிகிற காரியங்கள்

நிலச்சரிவு இத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் மழை எந்த அளவைத் தாண்டினால் ஒரு சரிவு ஆபத்தாகும் என்று சொல்ல முடியும். இலங்கையில் 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம் என்று மூன்று படிகள் வைத்திருக்கிறார்கள். இது எவருக்கும் புரியும் கணக்கு. மலையில் இரண்டு கிலோமீட்டருக்குள் மழை இரு மடங்காக வேறுபடும் என்பதால் மாவட்டத்துக்கு ஒரு எச்சரிக்கை என்பது உதவாது. தோட்டத்துக்குத் தோட்டம் மழைமானி வேண்டும். அதோடு கண்ணால் பார்க்கும் அறிகுறிகள்: தெளிந்து ஓடிய ஓடை திடீரெனக் கலங்குவது, கொட்டும் மழையிலும் ஓடையில் நீர் குறைவது (மேலே எங்கோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம், உடனே ஓட வேண்டும்), தரையில் புது விரிசல், புது ஊற்று, சாய்ந்த மின்கம்பம், தரை அசைந்து சட்டம் கோணியதால் மூடாத கதவு.

நிரந்தர வேலைக்கு ஹாங்காங் ஒரு நல்ல உதாரணம். 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு சரிவுகளில் 138 பேர் இறந்தார்கள். 1976-இல் மறுபடியும் சரிவு, மறுபடியும் சாவு. 1977-இல் சரிவுகளுக்கென்றே ஒரு பொறியியல் அலுவலகம் தொடங்கினார்கள். மனிதன் வெட்டிய சரிவான நிலங்கள் சுமார் 60,000-ஐப் பதிவேட்டில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, யார் பராமரிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். மழை குறையவில்லை, மலையும் மாறவில்லை. சாவு வெகுவாகக் குறைந்தது. ஹாங்காங்கிடம் பணம் இருந்தது, உண்மைதான். ஆனால் முதல் வேலை பணமல்ல, இந்தச் சரிவான நிலம் யாருடைய பொறுப்பு என்று எழுதி வைப்பது.

நம் தோட்டங்களில் அதைத்தான் எழுத முடிவதில்லை. மேலே உள்ள காடு வனத்துறைக்கு, நடுவில் உள்ள தேயிலை கம்பெனிக்கு, குறுக்கே போகும் சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு, லயத்தில் இருப்பவர்களின் ஓட்டு பஞ்சாயத்துக்கு. பெட்டிமுடியில் உயிர் பிழைத்தவர்களில் எட்டுக் குடும்பங்களுக்கு மூணாறில் குற்றியார் பள்ளத்தாக்கில் நிலமும் வீடும் கிடைத்தன. சரிவுக்கு முன்பே அந்த நிலத்தைக் கொடுத்திருக்க முடியாதா என்று கேட்டால், எந்தத் துறையிடம் கேட்பது என்பதே இன்னும் தெளிவாகவில்லை.